பூ உதிர்ந்த ஆர்க்கிட்: காம்பை வெட்டவா, அப்படியே விடவா?

வேளச்சேரி மாடி (சென்னை) கேட்டது:

வணக்கம் நண்பர்களே. தை மாதம் எங்கள் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு ஒரு ஆர்க்கிட் தொட்டி பரிசாக வந்தது. வெள்ளைப் பூ, நடுவில் மட்டும் ஊதாவும் மஞ்சளும் கலந்த சின்ன நாக்கு, வளைந்த நீளக் காம்பில் வரிசையாகப் பூத்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் நிஜப் பூதானா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பங்குனி வரைக்கும் நன்றாக நின்றது, அப்புறம் காம்பின் அடியில் இருந்த பூவிலிருந்து ஒவ்வொன்றாக வாடி உதிர்ந்து, இப்போது வெறும் காம்பு மட்டும் நிற்கிறது. காம்பு நுனியில் காய்ந்துவிட்டது, பாதிக்குக் கீழே இன்னும் பச்சையாக இருக்கிறது.

செடியில் தடித்த இலை ஐந்து. அதில் அடி இலை மட்டும் மஞ்சளாகி வருகிறது. வெள்ளி நிறத்தில் நாலைந்து வேர்கள் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தொட்டி என்றால் உள்ளே ஒரு மெல்லிய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தொட்டி, அதைத் துளை இல்லாத பீங்கான் சட்டிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே மண்ணே இல்லை, பழுப்பு நிறப் பாசி அடைத்திருக்கிறது.

பக்கத்து நர்சரியில் கேட்டேன், செம்மண்ணும் மாட்டு எருவும் கலந்து பெரிய தொட்டியில் வையுங்கள் என்றார்கள். மாமியார் மல்லிகைத் தொட்டியிலேயே ஓரமாக நட்டுவிடலாம் என்கிறார். தோழி ஒருத்தி, இதெல்லாம் ஒருமுறை பூத்தால் முடிந்தது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்கிறாள். உயிரோடு இருக்கிற செடியைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

காம்பை வெட்ட வேண்டுமா? எங்கே? மண்ணுக்கு மாற்றலாமா? வெளியே நீட்டும் வேர்களை நறுக்கிவிடலாமா? சென்னை வெயிலில் இது மறுபடி பூக்குமா? எங்களுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன பால்கனி, மேற்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். தண்ணீர் போர் தண்ணீர்தான், குடிக்க மட்டும் ஆர்.ஓ.


கரிச்சட்டி (கோயம்புத்தூர்) பதில்:

முதலில் உங்கள் தோழியிடம் சொல்லிவிடுங்கள், இது ஒருமுறை பூத்து முடிகிற செடி இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை. விற்பனைக்கு வரும்போதே அதற்கு இரண்டு மூன்று வயதாவது ஆகியிருக்கும், ஒழுங்காக வைத்தால் பல வருடங்கள் இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். பூ உதிர்ந்தால் செடி செத்துப்போகிறது என்று அர்த்தமில்லை. பூவுக்குச் செலவிட்டதை முடித்துக்கொண்டு இலைக்கும் வேருக்கும் திரும்புகிற நேரம் அது. உங்கள் வெள்ளி வேர்களே செடி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

மண் வேண்டவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஆர்க்கிட் சாவதற்கு இதுவே முக்கியக் காரணம். இந்தச் செடியின் சொந்த இடம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துக் காடுகள். அங்கே மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வளரும். மரத்தின் சாற்றை உறிஞ்சாது, பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மழை பெய்தால் வேர் நனையும், கொஞ்ச நேரத்தில் காற்றில் உலர்ந்துவிடும். அதற்காகவே வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஒரு உறை இருக்கிறது. நனைந்ததும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பச்சையாகும், உலர்ந்ததும் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். அப்படிப்பட்ட வேரைச் செம்மண்ணிலும் மாட்டு எருவிலும் புதைத்தால் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். மல்லிகைக்கு ஊற்றுகிற தண்ணீரில் பாதி கூட இதற்குத் தாங்காது.

வெளியே நீட்டும் வேர்களை நறுக்காதீர்கள், உள்ளே திணிக்கவும் வேண்டாம். அவை காற்றிலிருந்து ஈரம் எடுக்கும், வெளிச்சம் பட்டால் கொஞ்சம் உணவும் தயாரிக்கும். உள் தொட்டியைக் கண்ணாடி மாதிரி கொடுப்பதும் அதனால்தான், வேரின் நிறத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

அடி இலை ஒன்று மட்டும் மஞ்சளாவது வயதாகி விழுகிற இலை. அதைப் பிய்த்து எடுக்க வேண்டாம், அதுவாகக் காய்ந்து விழட்டும். நடுக்குருத்து இலை மஞ்சளானாலோ, அடியில் கறுத்துக் குழைந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

காம்புக்கு வருகிறேன். காம்பில் சின்ன முக்கோணச் செதில் மூடிய கணுக்கள் இருக்கும் பாருங்கள். அடியிலிருந்து எண்ணி மூன்றாவது கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டினால், இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் கணுவிலிருந்து கிளைக் காம்பு வந்து மறுபடி பூக்க வாய்ப்பு உண்டு. புத்தகங்களில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் நீங்கள் கேட்கிற நேரம் சித்திரை, ஊர் சென்னை. இந்த வெயிலில் செடியைப் பூ வேலைக்கு இழுத்தால் வருகிற பூ சின்னதாக இருக்கும், எண்ணிக்கையும் குறையும், செடியும் இளைத்துப்போகும். இலை நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் நிற்கிற செடி, ஒரு இலை விழவும் போகிறது. என் கருத்து, அடியில் ஒரு விரற்கடை மட்டும் விட்டு முழுக்க வெட்டிவிடுங்கள். அடுத்த ஏழெட்டு மாதம் அது இலையும் வேரும் போடட்டும்.

வெட்டுகிற கத்தரியைத் தீயில் காட்டியோ மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் துடைத்தோ வெட்டுங்கள். ஆர்க்கிட்டுக்கு வருகிற வைரஸ் நோய்கள் வெட்டுகிற கருவி வழியாகத்தான் செடிக்குச் செடி பரவுகின்றன, அதற்கு மருந்தும் கிடையாது. வெட்டிய முனையில் சமையலறைப் பட்டைத்தூள் கொஞ்சம் தடவலாம், பூஞ்சை வராது. வேரில் மட்டும் அந்தத் தூள் படக்கூடாது, வேரை உலர்த்திவிடும்.

மேற்கு ஜன்னலை மறந்துவிடுங்கள், மத்தியான வெயில் இலையைச் சுட்டுவிடும். கிழக்கு பால்கனிதான் சரியான இடம், காலை எட்டரை ஒன்பது மணி வெயிலோடு போதும், அதற்கு மேல் என்றால் பச்சை வலை கட்டிவிடுங்கள்.


தாம்பரம் தோட்டம் பதில்:

கரிச்சட்டி அண்ணன் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பச்சையாக இருக்கும் காம்பை எதற்கு முழுக்க வெட்ட வேண்டும்? பச்சை என்றால் அதில் உயிர் இருக்கிறது, சத்து இருக்கிறது. காய்ந்த நுனியை மட்டும் நறுக்கிவிட்டு மீதியை விட்டால், தேவைப்பட்டால் செடி அந்தச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு காம்பைத் தானாகவே மஞ்சளாக்கிவிடும், அப்போது வெட்டினால் போதும். சில நேரம் அந்தக் கணுவிலிருந்து பூவுக்குப் பதில் குட்டிச் செடியே வரும். எங்கள் வீட்டில் அப்படி வந்த குட்டி இப்போது தனித் தொட்டியில் நிற்கிறது. குட்டி வந்தால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், அதற்கென்று இரண்டு மூன்று வேர்கள் விட்டு, அவை ஒரு விரல் நீளமாவது வளர்ந்த பிறகு பிரிக்கலாம்.

இன்னொன்று, எல்லா ஃபலனாப்சிஸும் ஒன்றில்லை. வயலேசியா மாதிரி சில வகைகளில் அதே பழைய காம்பின் நுனியிலிருந்து திரும்பத் திரும்பப் பூ வரும், அதில் காம்பை வெட்டினால் நஷ்டம். இந்தச் சகோதரியிடம் இருப்பது பெரிய வெள்ளைப் பூ என்பதால் அந்த வகை இல்லை, இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.


கரிச்சட்டி பதில்:

தம்பி சொல்வதும் சரிதான், வேரும் இலையும் பலமாக இருந்தால் விட்டுப் பார்க்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. என் தயக்கம் அந்தப் பாசியைப் பற்றித்தான். அந்தப் பீங்கான் சட்டிக்குள் தண்ணீர் தேங்கிப் பாசிக்குள் வேர் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சகோதரி, தொட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் வேரைப் பார்த்துவிட்டு காம்பை முடிவு செய்யலாம்.


பெங்களூர் பால்கனி பதில்:

மறுபடி பூக்குமா என்ற கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, அதனால் நான் சொல்கிறேன். பூக்கும், ஆனால் அதை முடிவு செய்வது உரம் இல்லை, குளிர்ச்சி.

ஃபலனாப்சிஸ் பகலிலும் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போகும், பூந்தண்டு எடுக்காது. வெப்பம் 26க்குக் கீழே இறங்கிச் சில வாரங்கள் அப்படியே நின்றால்தான் தண்டு விடும். வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் இந்த விஷயத்தை வைத்துத்தான் பண்டிகைத் தேதிக்குச் சரியாகப் பூக்க வைக்கிறார்கள். செடி பெரிதாகும் வரை சூடான கூடத்தில் வைத்திருந்து, பிறகு குளிர்ந்த கூடத்துக்கு மாற்றுவார்கள். தைவானில் தாழ்வான இடத்தில் வளர்த்த செடியை மலைக்கு ஏற்றித் தண்டு எடுக்க வைக்கிற வழக்கமே இருந்தது. தண்டு தெரிய ஆரம்பித்துப் பூ விரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், அதனால் பொறுமை வேண்டும்.

எங்கள் ஊரில் கார்த்திகை, மார்கழியில் தானாகவே அந்தக் குளிர் கிடைத்துவிடுகிறது, பால்கனியில் வைத்தால் போதும். சென்னையில் கொஞ்சம் கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. உங்களுக்கு வாய்ப்பு ஐப்பசியில் மழை பிடித்தது முதல் தை முடியும் வரை. அடைமழை நாட்களில் பகலிலேயே வெப்பம் நன்றாக இறங்கிவிடும், மார்கழியில் ராத்திரி 20, 21 வரை வரும். அந்த நாட்களில் செடியை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல், மழை நேராகக் கொட்டாத, காற்று வருகிற இடத்தில் பால்கனியிலேயே வையுங்கள். ராத்திரி மட்டும் ஏ.சி. அறையில் வைத்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். பகல் முழுக்க 32ல் இருந்துவிட்டு ராத்திரி மட்டும் குளிர்ந்தால் பெரிய பலன் இருக்காது, பகல் வெப்பமும் குறைய வேண்டும். ஏ.சி. காற்று நேராகப் பட்டால் வந்த மொட்டும் விரியாமலே உதிரும், அது வேறு பிரச்சினை.

இரண்டாவது விஷயம் வெளிச்சம். இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்தால் பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள், அந்தச் செடி பூக்காது. கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிர்பச்சைதான் சரி. ஓரத்தில் செம்பழுப்பு ஏறினால் வெயில் அதிகம், கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். இலையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் இடம் சரியில்லை.

அப்புறம் ஒரு குறிப்பு. மார்கழியில் இலை இடுக்கிலிருந்து ஏதோ முளைத்தால் அது வேரா தண்டா என்று குழப்பம் வரும். வேரின் நுனி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். தண்டின் நுனி தட்டையாக, ஒரு பக்கம் சாய்ந்து, அடுக்கு வைத்த மாதிரி இருக்கும், மேல் நோக்கியும் போகும்.


வேளச்சேரி மாடி பதில்:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. இன்று காலை தொட்டியை வெளியே எடுத்தேன். பீங்கான் சட்டியின் அடியில் தண்ணீர் நின்றிருந்தது. பாசி மேலே காய்ந்து, உள்ளே பிழிந்தால் சொட்டுகிற ஈரம். பாசிக்கு நடுவில், செடிக்கு நேர் அடியில், வலைத்துணி சுற்றிய ஒரு சின்னக் கட்டி மாதிரி இருக்கிறது, அது எப்போதும் சொதசொதவென்றே இருக்கும் போல. தொட்டியின் ஓரத்தில் ஓடும் வேர்கள் பச்சையாகக் கெட்டியாக இருக்கின்றன, நடுவில் சில வேர்கள் பழுப்பாகி, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது. பெரும்பாலான வேர் நல்ல வேர்தான் என்று நினைக்கிறேன்.

இப்போதே மாற்றலாமா, வெயில் தணிகிற வரைக்கும் காத்திருக்கலாமா? பாசிக்குப் பதில் என்ன போடுவது? ஆன்லைனில் பைன் மரப்பட்டை என்று சின்னப் பையை யானை விலைக்கு விற்கிறார்கள். வீட்டில் தேங்காய் மட்டை நிறைய இருக்கிறது, அது ஆகுமா? போர் தண்ணீர் ஊற்றினால் இலையில் வெள்ளைத் திட்டு விழுகிறது, அது பரவாயில்லையா?


கரிச்சட்டி பதில்:

இப்போதே மாற்றுங்கள், காத்திருக்காதீர்கள். பூ முடிந்து புது வேர் விடுகிற இந்த நேரம்தான் தொட்டி மாற்ற நல்ல நேரம், அதுவும் நடுவில் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்றால் தள்ளிப்போடவே கூடாது. வெள்ளி வேர் நுனியில் பச்சையாகவோ சிவப்பாகவோ பளபளப்புத் தெரிந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிற வேர் என்று பொருள்.

செடியைத் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி, இருபது நிமிடம் வைத்தால் வேர் வளையும் பதத்துக்கு வரும், உடையாது. பாசியை விரலால் மெதுவாகப் பிரித்து எடுங்கள். அந்த நடுக்கட்டியை அவசியம் எடுத்துவிட வேண்டும். நாற்றாக இருந்தபோது வைத்த கட்டி அது, செடி பெரிதான பிறகும் அப்படியே விட்டுவிடுகிறார்கள், நம் ஊர் ஈரக்காற்றில் அது உலரவே உலராது. ஒவ்வொரு வேரையும் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் எந்த நிறமானாலும் விடுங்கள், குழைந்து உள்ளே நார் மட்டும் மிஞ்சினால் வெட்டுங்கள். பாசிக்குள் வெளிச்சம் படாத வேர் மஞ்சளாகக் கூட இருக்கும், அது அழுகல் இல்லை.

தேங்காய் மட்டை தாராளமாக ஆகும், அதையும் அடுப்புக்கரியையும் சரிபாதி போடுங்கள். கொஞ்சம் செங்கல் துண்டு அடியில். எல்லாமே ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான துண்டாக இருக்கட்டும், தூள் வேண்டாம், கோகோபீட் என்று விற்கும் தேங்காய் நார்த்தூள் வேண்டவே வேண்டாம். பச்சை மட்டையை அப்படியே போடக்கூடாது. உரித்த மட்டையில் உப்பும் கறையும் இருக்கும், துண்டு போட்டு ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள், தண்ணீர் தெளிந்த பிறகு பயன்படுத்துங்கள். உங்கள் செடிக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பதால், இப்போதைக்கு வெறும் கரியிலும் செங்கல் துண்டிலும் வைத்துவிட்டு, மட்டை தயாரானதும் இடையில் சேர்த்துக்கொள்ளலாம். கரி என்றால் மரக்கரி, பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சுக்கரி இல்லை.

தொட்டி பெரிதாக வேண்டாம். வேர் அடங்குகிற அளவு போதும், அதே கண்ணாடித் தொட்டியைக் கழுவி, சூடான கம்பியால் பக்கவாட்டில் இன்னும் நாலைந்து துளை போட்டுப் பயன்படுத்துங்கள். செடியின் அடித்தண்டு கரிக்கு மேலே தெரிய வேண்டும், புதைக்கக் கூடாது. ஆடாமல் இருக்க ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள், ஆடினால் புது வேர் நுனி உரசிக் கருகும். வெட்டிய வேர் ஆற இரண்டு மூன்று நாள் தண்ணீர் விடாமல் நிழலில் வையுங்கள். பீங்கான் சட்டி அழகுக்கு வேண்டுமென்றால் விருந்தாளி வரும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பைப் பற்றி இப்போது முடிவு சொல்லிவிடுகிறேன், வேர் போயிருக்கிறது, அதனால் முழுக்க வெட்டிவிடுங்கள்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை, மூன்று நாளுக்கு ஒருமுறை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கரியில் வைத்த செடி மே மாதம் ஒன்றிரண்டு நாளிலேயே உலரும், ஐப்பசி மழையில் பத்து நாள் ஆனாலும் உலராது. வேர் வெள்ளியாகி, தொட்டி கையில் தூக்க லேசாக இருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். காலையில் ஊற்றுங்கள், குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள், ராத்திரி முழுக்கத் தேங்கினால் குருத்து அழுகி மொத்தச் செடியும் போய்விடும்.

முக்கியமாக, இலை துவண்டு சுருங்கினால் உடனே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் போதாவிட்டாலும் இலை துவளும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் உறிஞ்ச வேர் இல்லாமல் அதே மாதிரிதான் துவளும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வாடிவிட்டதே என்று பாவப்பட்டு இன்னும் ஊற்றி, இருந்த வேரையும் அழுக வைத்துவிடுகிறார்கள். முதலில் வேரைப் பாருங்கள், பிறகு தண்ணீர்க் குவளையை எடுங்கள்.

வெள்ளைத் திட்டு உப்பு. இலையில் படிந்தால் துடைத்துவிடலாம், வேரில் படிந்தால் நுனி கறுத்துக் கருகும். நீங்கள் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு டம்ளர் போதும் இதற்கு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அது போர் தண்ணீரை விட உப்பு. மழை பெய்தால் மொட்டை மாடியில் ஒரு வாளி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

உரம், புது வேர் ஓட ஆரம்பித்த பிறகு, உரக்கடையில் கிடைக்கிற 19:19:19 தண்ணீரில் கரையும் உரம், ஒரு லிட்டருக்கு அரை கிராம், அவ்வளவுதான். காய்ந்த வேரில் உரத் தண்ணீர் ஊற்றக்கூடாது, முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு ஊற்றுங்கள். மாதத்தில் ஒருமுறையாவது வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள், தங்கிய உப்பு போய்விடும். அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத்தோல், மோர் இதெல்லாம் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கரித்தொட்டியில் ஊற்றினால் பூஞ்சையும் எறும்பும்தான் வரும்.


ஜுரோங் செடிக்காரி (சிங்கப்பூர்) பதில்:

இங்கே ஒவ்வொரு சீனப் புத்தாண்டு முடிந்ததும் பூ உதிர்ந்த ஃபலனாப்சிஸ் தொட்டிகள் குப்பை போடும் இடத்து ஓரத்தில் கிடக்கும், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அதில் பாதிக்கு மேல் நல்ல வேரோடு இருக்கிற செடிகள். எடுத்து வந்து வளர்த்தால் இலை அற்புதமாக விடும், ஆனால் எங்களுக்கு மார்கழியும் கிடையாது மழைக்குளிரும் பெரிதாகக் கிடையாது, வருடம் முழுக்கப் பகலில் 31, 32. அதனால் பெரிய பூ வகைகள் மறுபடி பூப்பது அபூர்வம். சென்னைக்காரர்கள் அந்த விதத்தில் எங்களை விடக் கொடுத்து வைத்தவர்கள்.

நான் எழுத வந்தது வேறு. இந்தப் பேச்சைப் படிக்கிற சிலரிடம் இருப்பது டென்ட்ரோபியம் என்ற வேறு ஆர்க்கிட் வகையாக இருக்கலாம், ஊதாப் பூ, கரும்பு மாதிரி கணுக்கணுவாகத் தண்டு, இரண்டு பக்கமும் இலை. அதற்குக் கணக்கே வேறு. பூ முடிந்ததும் அந்தப் பூக்காம்பை மட்டும் வெட்டுங்கள், தடித்த தண்டை வெட்டாதீர்கள். இலை எல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் அந்தப் பழைய தண்டு செடிக்குச் சேமிப்பு, அதிலிருந்தே மறு வருடம் கூடப் பூ வரும், குட்டியும் வரும். காய்ந்து சுருங்கி உள்ளே வெற்றாகிவிட்டால் மட்டும் எடுக்கலாம். வெயிலும் ஃபலனாப்சிஸை விட நிறையக் கேட்கும். சூடான ஊரில் வருடம் முழுக்கப் பூ வேண்டும் என்றால் டென்ட்ரோபியமும் வாண்டா என்ற இன்னொரு ஆர்க்கிட் வகையும்தான். எங்கள் நாட்டு மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் முழு வெயிலில்தான் பூக்கும், நிழலில் வைத்தால் ஏறி ஏறி வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. வேளச்சேரி அக்கா, இந்தச் செடி பிழைத்ததும் அடுத்ததாக ஒரு டென்ட்ரோபியம் வாங்கி வையுங்கள், உங்கள் மாமியாருக்கும் பிடிக்கும்.


சேலத்து மழை பதில்:

ஒரு வேண்டுகோள் மட்டும். ஆர்க்கிட் ஆசை வந்தவர்கள் ஏற்காடு, கொல்லிமலை பக்கம் போனால் மரத்தில் இருக்கும் காட்டு ஆர்க்கிட்டைப் பிய்த்துக்கொண்டு வராதீர்கள், சாலையோரத்தில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். அவை கீழே சமவெளிக்கு வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை, காட்டிலும் குறைந்துகொண்டே போகின்றன. பார்க்க ஆசைப்பட்டால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, நம் மலைகளின் வகைகளை அங்கே பார்க்கலாம்.

செடிக்காரர்களுக்கு இன்னொன்று, தொட்டி மாற்றும்போது இலையின் அடிப்பக்கத்தையும் இலை இடுக்கையும் பாருங்கள், மாவுப்பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும், ஒரு வாரம் கழித்து மறுபடி துடைக்க வேண்டும், முட்டை மிஞ்சியிருக்கும்.


வேளச்சேரி மாடி பதில்:

காம்பை வெட்டிவிட்டேன், கரிக்கும் மாற்றியாகிவிட்டது. நல்ல வேர் ஆறேழு மிஞ்சியிருக்கிறது. மட்டை வாளியில் ஊறுகிறது, தண்ணீர் இன்னும் டீ நிறத்தில்தான் இருக்கிறது. மாமியாரே தினமும் தண்ணீரை மாற்றிவிடுகிறார்.

கடைசியாக இரண்டு சந்தேகம். படுக்கையறையில் செடி வைத்தால் ராத்திரி கெட்ட காற்று விடும் என்கிறார்கள், உண்மையா? அப்புறம், முதல் முறை பூத்திருந்தபோது சாப்பாட்டு மேசையில்தான் வைத்திருந்தோம், அடுத்த முறையும் அங்கே வைக்கலாமா?


பெங்களூர் பால்கனி பதில்:

ராத்திரி பயம் வேண்டாம். ஒரு தொட்டிச் செடி விடுகிற காற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதுவும் ஃபலனாப்சிஸ் ராத்திரியில்தான் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்துக்கொள்ளும், பகல் சூட்டில் மூடிக்கொள்ளும். படுக்கையறையில் வெளிச்சம் போதுமா என்பதை மட்டும் பாருங்கள்.

சாப்பாட்டு மேசையில் வைக்கலாம், ஆனால் பழத்தட்டு பக்கத்தில் வேண்டாம். பழுக்கிற மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பட்டால் பூ சீக்கிரம் வாடும், மொட்டு மஞ்சளாகி உதிரும். தண்டு வளர ஆரம்பித்ததிலிருந்து முதல் பூ விரிகிற வரை தொட்டி பால்கனியிலேயே ஒரே பக்கம் பார்த்து இருக்கட்டும், அடிக்கடி திருப்பினால் வெளிச்சத்தைத் தேடித் தண்டு கோணலாகிவிடும். பாதிப் பூவாவது விரிந்த பிறகு மேசைக்குக் கொண்டுவாருங்கள்.